மருமகளுக்கு நாலு துணி

மருமகளின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போன வார அத்தியாயத்தில் நாம் மூச்சு விட்டோம். மாமியார் மூட்டையக்காவும் அப்படித்தான் விட்டாள்.

ஏழு மாதமாக மாமியார் முகத்தைப் பார்க்காத மருமகள், கணவன் கெஞ்சிக் கேட்டதால் மாமியார் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். வலப் பக்கச் சினைப்பையைக் கட்டியோடு எடுக்க வேண்டியதாயிற்று. இடப் பக்கம் தப்பியது.

"இது ஒண்ணு போதும். குழந்தை பெத்துக்க இது தாராளம்" என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்.

அந்த ஒரு வரியை ராத்திரி முழுக்க மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, காலை ஏழு மணிக்கு மூட்டையக்கா வேலைக்கு வந்தாள்.

அவள் வேலை செய்யும் அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு இரண்டு கதவுகள். ஒரு கதவு வழியே ரத்தம் பட்ட கத்தரிகளும் இடுக்கிகளும் வரும். மறு கதவு வழியே அவை சுத்தமாகித் துணிமூட்டைகளாக மேலே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். நடுவில் தொட்டி, மேசை, ஆள் உயரத்துக்கு நீராவி மிஷின். ஆபரேஷன் செய்துகொள்ளும் யாரும் இந்த அறையைப் பார்த்ததில்லை. டாக்டர்களிலேயே பாதிப் பேருக்கு வழி தெரியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் அது அவளுக்குக் குறையாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் வேலைதானே என்று அழுதிருக்கிறாள். பிறகு ஒரு நாள், கத்தரியின் மூட்டில் காய்ந்த ரத்தத்தைச் சின்ன பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கத்தரி படப்போவது இயேசுவின் உடம்பில் என்று நினைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான். மேலே அந்த மேசையில் யார் படுத்தாலும் படுப்பவர் அவரே. அன்றிலிருந்து மூட்டைக்கு மூட்டை, முடிச்சுக்கு முடிச்சு அவருக்கென்றே கட்டினாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் கட்டிய ஒரு மூட்டைகூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. மூட்டையக்கா என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

காலையில் முதல் வேலை பட்டை ஒட்டுவது.

ஒவ்வொரு மூட்டையின் நடுவிலும் விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வைப்பார்கள். உள்ளே போகும்போது அதன் கோடு வெள்ளையாக இருக்கும். நீராவி நடுவரைக்கும் போய், இருக்க வேண்டிய நேரம் இருந்தால் கோடு கறுத்துவிடும். தியேட்டரில் மூட்டையைப் பிரிக்கும் நர்ஸ் முதலில் அதைப் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால்தான் கருவியைத் தொடலாம். மறுநாள் பட்டைகளெல்லாம், பின்புறம் ஆபரேஷன் நம்பர் எழுதி, கீழே வரும். அவற்றைத் தேதிவாரியாக நோட்டில் ஒட்டி வைப்பது மூட்டையக்காவின் பொறுப்பு.

நேற்று பதினோரு ஆபரேஷன். பத்துப் பட்டைகளை ஒட்டினாள். மருமகளின் பட்டையை ஆசையாகக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

பசை தடவத் திருப்பியவள் கையை நிறுத்தினாள்.

கோடு கறுப்பாக இல்லை. பழுப்பாக இருந்தது. வெள்ளைத் துணியில் தேநீர் சிந்திக் காய்ந்த நிறம்.

குழல்விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள். மற்றப் பத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

யாரும் சொல்லாமலே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

ஒரு மூட்டைக்கு இரண்டு துணி. அதுதான் விதி. சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. முந்தாநாள் மருமகளின் மூட்டைக்கு அவள் நாலு துணி போட்டாள்.

போட்டதற்கு ஒரு கதை உண்டு. ஏழு மாதத்துக்கு முன்னால், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையின் பிறந்த நாளில், "எங்க வீட்டுலயும் தொட்டில் இருக்கு, ஆறு வருஷமா துணி மடிச்சு வைக்கத்தான் ஆகுது" என்று இவள் சொன்னாள். விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அத்தை என்று அழைக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது. இருப்பதில் புதிய கத்தரி, புதிய இடுக்கிகளாகப் பொறுக்கினாள். இரண்டு துணியில் கட்டினாள். மனசு கேட்காமல் இன்னும் இரண்டு சுற்றினாள். ஒரு கிருமிகூட நுழையக் கூடாது என்று இறுக்கி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். யாரும் இடிக்காமல் இருக்க மிஷினின் அடித்தட்டில், மூலையில் வைத்தாள். அதன் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினாள்.

கிருமி நுழையாத அளவுக்குக் கட்டியதில் நீராவியும் நுழையவில்லை.

உள்ளே இருக்கும் காற்று வெளியே வந்தால்தான் நீராவி உள்ளே போகும். நாலு துணிக்குள், அத்தனை இறுக்கத்தில், காற்று அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மிஷினிலேயே சூடு குறைந்த இடம் அடித்தட்டின் மூலைதான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

"என்னக்கா, பட்டையை அப்படிப் பாக்குறீங்க? அதுல லாட்டரி நம்பரா இருக்கு?"

தியேட்டர் நர்ஸ். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குச் சிரிப்பு சிஸ்டர் என்றே பெயர். கழுவ வேண்டிய தட்டுகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

மூட்டையக்கா பட்டையை நீட்டினாள். சிரிப்பு நின்றது.

"இது உங்க மருமகளோடது."

"ஆமா."

"அக்கா..." சிஸ்டர் கதவைச் சாத்தினாள். "நான்தான் பிரிச்சேன். உரிக்க உரிக்கத் துணியா வந்துச்சு. 'வெங்காயமா, மூட்டையா? மாமியார் நாலு துணியில கட்டி அனுப்பியிருக்காங்க பாரு'ன்னு உங்க மருமகள்கிட்ட சொல்லிச் சிரிச்சுக்கிட்டே எடுத்து வச்சேன். மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி. அந்தச் சிரிப்புல பட்டையைப் பாக்கலக்கா."

சிஸ்டர் பட்டையை வாங்கிக் குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தாள்.

"ரொம்பப் பழுப்பு இல்லக்கா. லைட் மங்கலா இருந்தா கறுப்பு மாதிரிதான் தெரியும்."

"தெரியாது சிஸ்டர்."

"நேத்து மேல வந்ததுல ஒரு மூட்டை பிரிக்காம இருக்கு. அதுல நல்ல பட்டை இருக்கும். எடுத்து ஒட்டிடலாம். நடந்தது நடந்துடுச்சு. இப்ப சொல்லி என்னாகப்போகுது? அவங்க வயித்தைத் திரும்பத் திறந்து கழுவ முடியுமா? உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். எனக்கு ரெண்டு பசங்கக்கா."

அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உள்ளே போனது போனதுதான்.

"மருந்தையாவது மாத்திக் குடுப்பாங்கல்ல" என்றாள் மூட்டையக்கா. "சொன்னாத்தானே மாத்துவாங்க?"

சிஸ்டர் வண்டியை விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்று, தலைப்பின்னைக் கழற்றித் திரும்பக் குத்திக்கொண்டாள்.

"என் பேரையும் சேத்துச் சொல்லிடுங்க. இல்லன்னா நான் மறைச்சேன்னு ஆயிடும்."

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை மேலெல்லாம் தேடுகிற ஆசாமி. பட்டையைப் பார்த்ததும் கண்ணாடி தானாக மூக்குக்கு இறங்கியது.

"எத்தனை துணி?"

"நாலு சார்."

"யார் கட்டினது?"

"நான்தான். பிரிச்ச சிஸ்டரும் பட்டையைப் பாக்கல. அவங்களே சொல்லச் சொன்னாங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேறு யாராவது என்றால் அதட்டியிருப்பார்.

"ஏம்மா நாலு? உங்களுக்குத் தெரியாததா?"

அவளிடம் இருந்த பதிலைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் போனை எடுத்தார். டாக்டரம்மாவிடம் பேசினார். "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டார். பிறகு அந்த மூட்டையோடு ஏற்றி நேற்று மிஷினிலிருந்து எடுத்த மூட்டைகளில் ஒன்றுகூட மேலே போகக் கூடாது, எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கட்டி ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். பதினாறு மூட்டை.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க சார்?"

"கிருமி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். மருந்தைக் கடுமையா ஏத்துறாங்க. அஞ்சு நாள் காச்சலைப் பாக்கணும். உள்ள சீழ் வச்சிச்சுன்னா..." நிறுத்திவிட்டார்.

"மிச்சம் இருக்குற சினைப்பையும் போயிடும். அதானே சார்?"

"போயிடலாம்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா. காத்திருக்கணும்." கொஞ்சம் தணிந்து சொன்னார். "சாயங்காலம் ரவுண்ட்ஸ்ல டாக்டரே வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடுவாங்க. நீங்க போய்ச் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டாம். இன்னிக்குக் கட்டவும் வேண்டாம். கழுவுற பக்கம் இருங்க."

மதியம்வரை அவள் கழுவினாள். தண்ணீருக்கடியில் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஜெபிக்க வார்த்தை தேடினாள். ஆண்டவரே என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அவருக்கு என்று இத்தனை வருடம் இரண்டு துணி போட்டவள், மருமகளுக்கு என்றதும் நாலு போட்டாள். அவருக்குப் போதுமானது மருமகளுக்குப் போதாமல் போய்விட்டது. அதை எப்படி அவரிடம் சொல்வது?

சாப்பாட்டு நேரத்தில் படியேறி வார்டுக்குப் போனாள். சாயங்காலம் டாக்டர் வாயிலிருந்து கேட்கும்படி விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

வார்டு வாசலில் மகன் நின்றான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவன் காது லிஃப்டில்தான் இருக்கும்.

"அம்மா, உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் மூச்சு வாங்குது. அதுக்கும் ஒரு பெட் போட்டுப் படுக்க வைக்கச் சொல்லு" என்றான். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சம். "உள்ள போ. ஒரு அதிசயம் இருக்கு."

"என்னடா?"

"போயேன்."

ஜன்னலோரக் கட்டிலில் மருமகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். வீட்டு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை அவளுக்கு. நேர்க்கோடு போடும் கை. அந்தக் கையில் இப்போது ஊசி ஏறியிருந்தது.

"வாங்க அத்தை" என்றாள்.

மூட்டையக்கா கட்டிலுக்கு நாலடி தள்ளியே நின்றாள்.

"உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துக்கோங்க." மருமகளின் குரல் களைத்திருந்தது. ஆனால் கோபம் இல்லை. "நேத்து எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த நர்ஸ் சொன்னாங்க, நீங்க நாலு துணியில கட்டி அனுப்பியிருக்கீங்கன்னு. எல்லாருக்கும் ரெண்டுதானாம். அதக் கேட்டதும் என்னவோ அழுகை வந்துடுச்சு. அத்தை என்னை மறக்கலன்னு நினைச்சேன். அதோட தூங்கிட்டேன்."

மகன் பின்னாலேயே வந்து நின்று, ஜெயித்தவன் மாதிரிச் சிரித்தான்.

"அந்தத் தொட்டில் பேச்சு..." மருமகள் கண்ணை மூடித் திறந்தாள். "விடுங்க அத்தை. அதை இனிமே பேச வேண்டாம்."

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் மூட்டையக்காவுக்கு முதலில் தோன்றியது. இன்று ஒரு நாள் இந்த அத்தை என்ற அழைப்பை வாங்கிக்கொண்டு போய்விடலாம். சாயங்காலம் டாக்டர் சொல்லட்டும். ஏழு மாதத்துக்குப் பிறகு கிடைத்தது, நாலு மணி நேரமாவது இருக்கட்டும்.

ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நாலு துணிதான் தப்பாப் போச்சும்மா" என்றாள்.

சொல்லி முடிக்கப் பத்து வாக்கியம்கூட ஆகவில்லை. காற்று, நீராவி, அடித்தட்டு, பழுப்புப் பட்டை. சிஸ்டர் பெயரை அவள் சொல்லவில்லை. கட்டியது நான் என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

மகன்தான் முதலில் வெடித்தான்.

"உனக்கு என்னம்மா ஆச்சு? பன்னெண்டு வருஷமாப் பண்ற வேலை! ஊர்ல இருக்குறவனுக்கெல்லாம் சரியாக் கட்டத் தெரியுது, நம்ம வீட்டுக்கு மட்டும்..."

"கத்தாதீங்க, வயிறு அதிருது" என்றாள் மருமகள். அவன் வாயை மூடினான்.

பக்கத்துக் கட்டில் நோயாளி போர்வையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு துணிதானே அத்தை?"

"ரெண்டுதான்."

"அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரியாதவங்களை நல்லாப் பாத்துக்கிட்டீங்க." மருமகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னையும் தெரியாதவளா நினைச்சிருக்கலாம் அத்தை."

மன்னிப்பும் இல்லை, திட்டும் இல்லை. மூட்டையக்கா எழுந்தாள். கட்டிலின் கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது. இழுத்து மூடக் கையை நீட்டி, பாதியில் எடுத்துக்கொண்டாள்.

கீழே வந்தபோது பாதி மூட்டைகள்தான் முடிந்திருந்தன. நாலு மணிக்குக் கட்டும் பக்கம் இருந்த பெண்ணும் நேரம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாலே முக்காலுக்குத் தியேட்டரிலிருந்து போன். பஸ்ஸிலிருந்து விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டு வந்திருக்கிறார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. வயிற்றைத் திறக்கும் கருவிகளோடு பெரிய செட் ஒன்று உடனே வேண்டும்.

நேற்றைய மூட்டைகளையெல்லாம் நிறுத்தி வைத்ததால் அலமாரியில் பெரிய செட் ஒன்றும் இல்லை; திரும்ப ஏற்றி முடித்தவையெல்லாம் சின்ன செட்டுகள்.

மேற்பார்வையாளர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "நீங்களே கட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணித் தட்டில் வைத்தாள். மூடிய கத்தரியைத் திறந்து வைத்தாள். நடுவில் பட்டை. முதல் துணி. இரண்டாம் துணி. கை மூன்றாவதைத் தேடவில்லை. முடிச்சு தளர்வாக, ஆனால் அவிழாமல். மேல்தட்டில், நடுவில் வைத்து மிஷினின் கதவைப் பூட்டினாள்.

"மேல ஆபீஸ்ல அறிக்கை கேக்குறாங்க, உங்க விஷயமா" என்றார் அவர். "எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். மிஷினை விட்டு நகராதீங்க. பழைய மிஷின், தெரியும்ல? முள் கொஞ்சம் இறங்கினாலும் திரும்ப முதல்லேர்ந்து ஓட்டணும்."

சூடு காட்டும் முள் நூற்று இருபத்தொரு டிகிரியைத் தொட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். முப்பது நிமிடம்.

ஆறாவது நிமிடத்தில் போன் அடித்தது. மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் போன்தான். கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் கையை நீட்டி எடுத்தாள்.

"அம்மா." மகன் குரல். மதியம் இருந்த கோபம் அதில் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை. "காச்சல் அடிக்குது."

"எவ்வளவு?"

"நூத்தி ஒண்ணு. முதல் நாள் காச்சல் யாருக்கும் வரலாமாம், இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம். டாக்டர் அப்படித்தான் சொல்றாங்க. ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போறாங்க." அவன் மூச்சு கேட்டது. "உன்னைக் கூப்பிடுறாம்மா."

"யாரு?"

"யாருன்னா? அவதான். ஸ்கேனுக்குப் போறதுக்கு முன்னாடி அத்தையை வரச் சொல்லுங்க, ஒண்ணு கேக்கணும்கிறா. என்னன்னு கேட்டா எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறா. சீக்கிரம் வா. ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு."

முள் ஒரு மயிரிழை இறங்கியது. மூட்டையக்கா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் நீராவித் திருகைக் கொஞ்சம் திறந்தாள். முள் தயங்கி, மெதுவாகப் பழைய இடத்துக்கு ஏறியது.

"அம்மா? கிளம்பிட்டியா?"

மேலே ஒரு மேசையில் பெயர் தெரியாத ஒருத்தி வயிற்றுக்குள் ரத்தத்தோடு படுத்திருந்தாள். இரண்டாம் மாடி வார்டில் ஒரு ஸ்ட்ரெச்சர் நகரத் தொடங்கியிருக்கும்.

"வர முடியாதுப்பா" என்றாள். "உள்ள ஒருத்தரோட மூட்டை இருக்கு."

"யாரோடது?"

"தெரியல."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்ட சத்தம்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.